ஒரு பிளவுஸ், நாலு மணி பத்து நிமிடம்

லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்று தைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது 2022 அக்டோபர் வரை எனக்கே தெரியாது. பதினாறு வயதில் மெஷின் மிதிக்கத் தொடங்கியவள் நான். யாராவது கேட்டிருந்தால், "ரெண்டு மணி நேரம், முன்னே பின்னே இருக்கும்" என்று சொல்லியிருப்பேன். அந்த அக்டோபரில் சமையலறை டைமரை எடுத்து வந்து மெஷின் பக்கத்தில் வைத்தேன். எழுந்தால் நிறுத்துவேன், உட்கார்ந்தால் ஓட விடுவேன். கோடு போட்ட நோட்டில் ஒவ்வொன்றையும் குறித்தேன்.

வாட்ஸாப்பில் பேசியது, வாசலில் நின்று பேசியது: 35 நிமிடம். அளவு எடுத்தது 15. துணியும் லைனிங்கும் வெட்டியது 45. தைத்தது 85. கொக்கி வைத்து, கையால் ஹெம்மிங் செய்தது 40. இஸ்திரி 10. போட்டுப் பார்த்துவிட்டு கை இறுக்கமாக இருக்கிறது என்று பிரித்து மறுபடி பிடித்தது 20. கூட்டினால் 250 நிமிடம். நாலு மணி பத்து நிமிடம்.

அதற்கு நான் வாங்கிக்கொண்டிருந்த கூலி 25 டாலர்.

இது எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம். அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலத்தில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜில், தொழில்முனைவு பாடத்தில் சேர்ந்திருந்தேன். "இரண்டு வாரம் நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் குறியுங்கள், பேசும் நேரத்தையும் விடாதீர்கள்" என்று ஆசிரியை சொன்னார். பேசும் நேரத்தை எதற்குக் குறிக்க வேண்டும் என்று அன்றைக்குப் புரியவில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் வந்தவள் நான். எச்-4 விசாவில் படிக்கலாம், சம்பாதிக்கக் கூடாது. 2015 மே மாதம் முதல், கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவிக்கு வேலை அனுமதி அட்டை கிடைக்கும் என்று விதி வந்தது. எங்கள் மனு அந்தக் கட்டத்துக்கு வர வருடங்கள் ஆயின. அதுவரை தெரிந்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர்கள் வளையல், டப்பர்வேர் டப்பா, குழந்தைக்குப் புத்தகம் என்று ஏதாவது கொண்டு வருவார்கள். அப்புறம் கிரீன் கார்டு வந்தது. அன்றைக்கு முதல் காசு வாங்கலாம் என்றாகிவிட்டது. ஆனால் எவ்வளவு என்று கேட்க வாய் வரவில்லை. இத்தனை வருடம் சும்மா தைத்துக் கொடுத்த அதே ஆட்களிடம் எதை வைத்து விலை சொல்வது? "நீங்களே பார்த்துக் கொடுங்க அக்கா" என்றேன். அவர்கள் பார்த்துக் கொடுத்த தொகைதான் அந்த 25 டாலர். அதுவே விலையாக நின்றுவிட்டது.

இதை எழுதக் காரணம், எச்-4இல் இருக்கும் தோழிகள் நிறையப் பேர் என்னைக் கேட்கிறார்கள். படிப்புக்குத் தடையில்லை, தாராளமாகச் சேரலாம். ஆனால் அனுமதி அட்டை கையில் இல்லாமல் காசு வாங்கித் தொழில் செய்யாதீர்கள். வீட்டிலிருந்து செய்தாலும், சின்னத் தொகையானாலும் அது வேலைதான். உங்கள் நிலைமையைக் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு இறங்குங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் ஆட்களில் பலருக்கு இளக்காரம் உண்டு. பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகள் போகும் இடம் என்று நானும் நினைத்தேன். உள்ளே போனபிறகு அந்த நினைப்பு போய்விட்டது. இந்த மாநிலத்தில் 1963இல் சட்டம் போட்டு இதை ஒரே அமைப்பாக்கினார்கள். இப்போது 58 கல்லூரிகள். யாரையும் கதவுக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்பதுதான் அடிப்படை. வெல்டிங், நர்சிங், டீசல் மெக்கானிக், ஆங்கிலம் என்று எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். மாலை ஆறு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்தால் வேலை முடிந்து யூனிஃபார்மோடு வருகிறவர்கள்தான் அதிகம். நான் சேர்ந்தபோது மாநிலவாசிகளுக்குக் கட்டணம் ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது பாடத்தின் ஒரு அலகுக்கு, 76 டாலர். நான் முதலில் எடுத்த இடிஆர் 210, தொழில்முனைவு அறிமுகம், மூன்று கிரெடிட். 228 டாலரும் சில்லறைக் கட்டணங்களும் ஆயிற்று. என் ஓவர்லாக் மெஷின் விலையைவிடக் குறைவு.

வகுப்பில் பதினாலு பேர் இருந்தோம். வீடுவீடாகப் புல் வெட்டுகிறவர் ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டே கேர் நடத்தும் அம்மா ஒருவர். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர், மர வேலை செய்து விற்க வேண்டும் என்ற ஆசையோடு வந்திருந்தார். ஸ்னீக்கர்ஸ் வாங்கி விற்கும் பத்தொன்பது வயதுப் பையன். எல்லோரும் ஆசிரியையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு அது வராது. கடைசி வரை "புரொபசர்" என்றுதான் அழைத்தேன். அவர் இருபது வருடம் பெயர்ப்பலகை செய்யும் கடை நடத்திவிட்டு, அதை விற்றுவிட்டுப் பாடம் சொல்ல வந்தவர். பாடப் புத்தகத்தைவிட அவர் கடையின் பழைய கணக்கு நோட்டிலிருந்து நாங்கள் படித்ததுதான் அதிகம்.

முதல் நாளே பலகையில் எழுதினார்: புதிதாகத் தொடங்கும் தொழில்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்துக்குள் நின்றுவிடுகிறது, ஐந்தாவது வருடத்துக்குள் பாதி நின்றுவிடுகிறது. அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கு அது. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை என்றார். ஏன் நிற்கின்றன என்று அவரவர் தொழிலில் தேட வேண்டும், இந்த செமஸ்டரே அதற்குத்தான் என்றார்.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

இரண்டு வாரம் கழித்து எல்லோரும் நேரக் குறிப்போடு வந்தோம். என்னுடையதைப் பலகையில் போடலாமா என்று புரொபசர் கேட்டார். சரி என்றேன். 25 டாலரில் லைனிங் துணி, கொக்கி, நூல் 4 டாலர் போனால் மிச்சம் 21. அதை நாலு மணி பத்து நிமிடத்தால் வகுத்தார். மணிக்கு 5 டாலர் 4 சென்ட். அதோடு விடவில்லை. சொந்தத் தொழில் செய்கிறவர்கள் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர்த்து 15.3 சதவீதம் வரி கட்ட வேண்டும். லாபம் முழுவதற்கும் அல்ல, அதில் 92.35 சதவீதத்துக்கு. கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு இதில் பாதியை முதலாளி கட்டுவார். நமக்கு நாமே முதலாளி, நாமே தொழிலாளி, இரண்டு பாதியும் நம் கையிலிருந்து போகும். அதையும் கழித்தால் மணிக்கு 4 டாலர் 33 சென்ட். இங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25.

வகுப்பில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை வேலையில் எனக்குப் பெருமை என்றால் அது பிளவுஸ்தான். பின் கழுத்து வளைவு ஒரு சுருக்கம் விழாமல் உட்காரும், அதற்காகவே இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவர்கள் இருந்தார்கள். பாராட்டு அதில்தான் வரும், தீபாவளி நேரத்தில் தூக்கம் போவதும் அதில்தான். அந்த வேலையில்தான் நான் சட்டக் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றிருக்கிறேன். ஜீன்ஸ் கால் மடித்துத் தைப்பதை நான் ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. அதற்கு 8 டாலர் வாங்கிக்கொண்டிருந்தேன், 51 நிமிடம் ஆனது. நூல் செலவையும் வரியையும் கழித்து அதே கணக்கைப் போட்டால் அது மணிக்கு 7 டாலர் 48 சென்ட் தந்தது. நான் மதிக்காத வேலை பிளவுஸைவிட எனக்கு அதிகம் கொடுத்திருக்கிறது.

டே கேர் நடத்தும் அம்மா வகுப்பு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார். தன் நோட்டைத் திறந்து காட்டினார். பெற்றோர் தாமதமாக வந்து பிள்ளையைக் கூட்டிப்போகும் நிமிடங்களை மட்டும் தனியாகக் கூட்டியிருந்தார். வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வந்திருந்தது. ஒரு டாலர்கூட அதற்கு வாங்கியதில்லையாம். இரண்டு பேரும் வண்டி நிறுத்துமிடம் வரை ஒன்றும் பேசாமல் நடந்தோம்.

அடுத்த பாடம், ஒரு மணி நேரத்துக்கு நமக்கு எவ்வளவு வேண்டும் என்று கீழிருந்து மேலே கணக்குப் போடுவது. எனக்கு இது மிகவும் பிடித்த பாடம், அதனால் முழுதாகச் சொல்கிறேன். மாதம் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டிய தொகையாக நான் வைத்தது 1,800 டாலர். எல்லா வரிக்கும் சேர்த்துக் கால் பங்கு ஒதுக்கினால் 2,400 சம்பாதிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், மெஷின் சர்வீஸ், கரண்ட், போன் என மாதம் 210. ஆக 2,610. வாரம் முப்பது மணி நேரம் வேலை செய்கிறேன். ஆனால் அதில் காசு வரும் நேரம் எவ்வளவு? நூல் வாங்கப் போவது, கணக்கெழுதுவது, பதில் அனுப்புவது, பிள்ளையை ஸ்கூலில் கூப்பிட்டால் எழுந்து ஓடுவது எல்லாம் போக பதினெட்டு மணி. வருடத்தின் 52 வாரத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 78 மணி. 2,610ஐ 78ஆல் வகுத்தால் 33 டாலர் 46 சென்ட்.

பலர் முப்பது மணியால் வகுப்பார்கள், அங்கேதான் அடி விழும் என்றார் புரொபசர். கை வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிட்டு மற்றதைப் பேச வேண்டும் என்று நானும் சொல்வேன்.

இந்தக் கணக்கில் பழைய பிளவுஸ் 140 டாலருக்கு மேல் போகும். அந்த விலையை யாரும் தர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கே மனசு வராது. அப்படியானால் பிளவுஸை விட்டுவிட வேண்டும், அல்லது நேரத்தைக் குறைக்க வேண்டும். விட மனமில்லை. நோட்டை மறுபடி எடுத்தேன். எந்த நிமிடத்தில் துணிக்கு ஏதாவது நடக்கிறது, எந்த நிமிடத்தில் நடக்கவில்லை என்று சிவப்புப் பேனாவால் பிரித்தேன். பேச்சுதான் முதலில் விழுந்தது. அளவு கொடுக்கச் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் என்று வைத்தேன். கழுத்து, கை நீளம், பின்னால் முடிச்சா கொக்கியா என்று எல்லாம் கேட்டு ஒரு படிவம் தயார் செய்தேன், அது தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஒருமுறை வந்தவர்களின் அளவைக் காக்கி நிறத் தாளில் வெட்டி, பேர் எழுதி, உறையில் போட்டு வைத்தேன். செவ்வாய்க்கிழமை வெட்டுவது மட்டும், ஐந்து ஐந்தாக. புதன், வியாழன் மெஷின். வெள்ளி இரவு கொக்கியும் ஹெம்மிங்கும், எல்லாவற்றுக்கும் ஒரே உட்காரலில். நூல் மாற்றும் நேரம்கூட மிச்சம் ஆனது. மார்ச் மாதத்தில் சராசரி எடுத்தபோது ஒரு பிளவுஸ் 135 நிமிடத்தில் நின்றது. விலை 80 டாலர் என்று வைத்தேன். தாளில் அளவு உள்ளவர்களுக்கு 70. ஜீன்ஸ் 34 நிமிடத்துக்கு வந்தது, அதற்கு 20 டாலர்.

விலையை வாய்விட்டுச் சொல்வது வேறு விஷயம். கணக்குப் போட்டதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலில் வந்த அக்கா பத்து வருடப் பழக்கம். என் மகள் பிறந்தபோது ரசம் கொண்டு வந்து கொடுத்தவர். நாலு பிளவுஸ் துணியை மேஜையில் வைத்தார்.

"அக்கா, இனிமே ஒண்ணு 80 ஆகுதுக்கா. உங்க அளவு எங்கிட்ட இருக்கறதால 70."

"என்னம்மா திடீர்னு?"

நோட்டைக் காட்டலாமா என்று யோசித்தேன், காட்டவில்லை. "நேரம் குறிச்சுப் பார்த்தேன்க்கா. கட்டுப்படியாகலை" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "சரிம்மா, ஊருக்குப் போறப்ப தெச்சுக்கறேன்" என்று மூன்று துணியை எடுத்துப் பையில் வைத்தார். ஒன்றை விட்டுவிட்டுப் போனார். அந்த ஒன்றைத் தைக்கும்போது மனசு பாரமாகத்தான் இருந்தது. அவர் அதன்பின் துணி கொண்டு வரவில்லை. கோவிலில் பார்த்தால் பேசுகிறோம், நல்லபடியாகவே பேசுகிறோம். இன்னொரு அக்கா இதையே கேட்டுவிட்டு, "நீ எப்பவோ கேட்டிருக்கணும்மா, எங்களுக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு" என்றார். இரண்டு பதிலையும் நான் எதிர்பார்க்கவில்லை. பழைய வாடிக்கையாளர்களில் மூன்றில் ஒரு பங்கு போனார்கள். அந்த வருட தீபாவளிக்கு முந்தின வாரம் பதினோரு மணிக்குத் தூங்கப் போனேன்.

மற்றவர்களின் கணக்கிலிருந்தும் நிறையக் கற்றோம். ஸ்னீக்கர்ஸ் பையன் 100 டாலருக்கு வாங்கி 130க்கு விற்பான், 30 சதவீத லாபம் என்பான். விற்கும் விலைமேல் பார்த்தால் அது 23 சதவீதம்தான் என்று அவனுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. விற்கும் தளத்தின் கமிஷனும் தபால் செலவும் விலையிலிருந்துதான் போகும் என்பதால் அந்த வித்தியாசம் அவனுக்கு உயிர். புல் வெட்டுகிறவர் பெரிய தாளில் வரைபடம் கொண்டு வந்தார். இருபத்திரண்டு வீடுகள், ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன. புல் வெட்டும் நேரம் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஓட்டும் நேரம் வாரம் பதினோரு மணி. யாரும் அதற்குக் காசு தரவில்லை. அவர் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்கு வெளியே இருந்த ஆறு வீடுகளை நிறுத்தினார். உள்ளே இருக்கும் வீடுகளின் பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டினார். மாதக் கடைசியில் நாலு புதிய வீடுகள் கிடைத்திருந்தன, அதில் மூன்று ஒரே தெருவில்.

இன்னொரு வீட்டுப்பாடம், பதினைந்து பேரிடம் பேச வேண்டும். நம் தொழிலைப் பற்றிச் சொல்லக் கூடாது. "இப்படி ஒரு சேவை இருந்தால் வருவீர்களா?" என்று கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால் எல்லோரும் நல்ல மனசோடு வருவேன் என்பார்கள், பிறகு வர மாட்டார்கள். கடைசியாக ஒரு உடையை அளவு மாற்றக் கொடுத்தபோது என்ன நடந்தது என்று மட்டும் கேட்க வேண்டும். நூலகத்தில், மகளின் நீச்சல் வகுப்பில், பஸ் நிறுத்தத்தில் எல்லாம் கேட்டேன். விலை அதிகம் என்று பேச்சைத் தொடங்கியவர் ஒருவர்கூட இல்லை. பதினைந்தில் பதினோரு பேர் சொன்னது தேதியைப் பற்றி. வியாழக்கிழமை தருகிறேன் என்றார்கள், சனிக்கிழமை ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் கடை மூடியிருந்தது. ஒரு பெண் வேலை நேர்முகத்துக்குக் குண்டூசி குத்திய பேன்டோடு போனதைச் சொன்னாள்.

அதைக் கேட்டபிறகு நான் செய்தது ஒரு சின்ன வேலைதான். ரசீது புத்தகம் வாங்கி, ஒவ்வொரு துணிக்கும் தரும் தேதியை எழுதி, கிழித்துக் கையில் கொடுக்கிறேன். தேதி தவறினால் கூலியில் பாதி என்று அதிலேயே எழுதியிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை பாதிக் கூலி வாங்கியிருக்கிறேன், இரண்டும் மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரம். அமெரிக்க வாடிக்கையாளர்கள் பெருகியது இந்தத் துண்டுத் தாளால்தான் என்று நம்புகிறேன். ஒருவர் அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

பணம் கைக்கு வரும் நாள் பற்றிய பாடத்தை நான் வகுப்பில் சரியாகக் கவனிக்கவில்லை. வாழ்க்கையில்தான் படித்தேன். இரண்டாவது செமஸ்டரில் ஒரு டிரை கிளீனிங் கடைக்காரர் தன் கடைக்கு வரும் தையல் வேலையை எனக்கு அனுப்புகிறேன் என்றார். ஒரே மாதத்தில் நாற்பது உருப்படி. முப்பது நாளில் பணம் என்று பேச்சு. ஐம்பத்து மூன்றாவது நாள்தான் வந்தது. இடையில் மெஷின் சர்வீஸுக்கு 180 டாலர், நூல் வாங்கியது, இன்ஷூரன்ஸ். என் நோட்டில் அந்த மாதம் நல்ல லாபம். வங்கிக் கணக்கில் 61 டாலர் இருந்தது. லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு என்று புரொபசர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! அந்த 61 என்ற எண்ணைப் பார்த்த காலையில்தான் அது எனக்குள் இறங்கியது. இப்போது கல்யாண கவுனுக்குப் பாதி முன்பணம் இல்லாமல் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. கடைகளுக்கு வாரா வாரம் கணக்கு முடிக்க வேண்டும் என்று எழுதியே வாங்கிக்கொள்கிறேன்.

பதிவு, வரி விஷயங்களைப் பலர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிலின் கடனும் வழக்கும் நம் சொந்தச் சொத்தைத் தொடாமல் காக்கும் எல்எல்சி என்ற நிறுவன வகையை நான் தொடங்கவில்லை. இந்த மாநிலத்தில் அதைப் பதிய 125 டாலர், அதன்பின் வருடா வருடம் அறிக்கை கொடுக்க 200 டாலர். என் அளவுக்குத் தனிநபர் தொழிலும் ஒரு நல்ல இன்ஷூரன்ஸும் போதும் என்று முடிவு செய்தேன். உங்கள் தொழிலில் ஆபத்து அதிகம் என்றால் முடிவு வேறாக இருக்கலாம். சொந்தப் பேரில் இல்லாமல் கடைப் பேரில் நடத்தினால் அந்தப் பேரை நம் கவுன்டியின் (மாவட்டம் மாதிரி) ஆவணப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். தொழிலுக்கான வரி எண்ணை ஐஆர்எஸ் என்ற வருமான வரித் துறையின் தளத்தில் இலவசமாகவே வாங்கலாம், காசு கேட்கும் இடைத்தரகர் தளங்களில் ஏமாறாதீர்கள். வருட லாபத்தில் அந்த 92.35 சதவீதம் 400 டாலரைத் தொட்டாலே அந்த 15.3 சதவீத வரிக் கணக்கு வந்துவிடும், அதை ஷெட்யூல் சி என்ற தொழில் வரவுசெலவுப் படிவத்தோடு காட்ட வேண்டும். வரியை ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நாலு தவணையில் முன்கூட்டியே கட்டுவது நல்லது. ஒவ்வொரு முறை காசு வரும்போதும் கால் பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். அந்தக் கணக்கின் கார்டை வீட்டில் ஒரு நூல் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் நேராகப் பாடத்தில் சேர வேண்டும் என்றுகூட இல்லை. இங்கே 58 கம்யூனிட்டி காலேஜிலும் சிறுதொழில் மையம் உண்டு. செமினார்கள் இலவசம், தனியாக உட்கார்ந்து ஆலோசனை கேட்பதும் இலவசம். நான் முதலில் போனது அங்கேதான். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் பகுதியின் எஸ்பிடிசி என்ற சிறுதொழில் வளர்ச்சி மையத்தைத் தேடலாம். 1964 முதல் இயங்கும் ஸ்கோர் என்ற அமைப்பில் தொழில் நடத்தி அனுபவப்பட்டவர்கள் காசு வாங்காமல் வழிகாட்டுகிறார்கள். பாடத்தில் சேருவதென்றால் மாநிலவாசி என்ற சான்றை முதலில் முடித்துவிடுங்கள். இங்கே பன்னிரண்டு மாதம் வசித்ததைக் காட்ட வேண்டும், அந்தத் தீர்மானம் வராவிட்டால் மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம் கிடைக்காது. அந்தப் படிவத்தில் கேட்கும் தேதிகளுக்கு வாடகை ஒப்பந்தம், வாகன ஓட்டுநர் உரிமம் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஆங்கிலத்துக்குப் பயந்து தயங்குகிறவர்களுக்கு ஒன்று. கடைசி வாரம் எல்லோரும் ஐந்து நிமிடம் எழுந்து நின்று தம் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். நான் நேரம் குறித்த நோட்டையும், ஒரு பக்கம் மட்டும் முடித்த பிளவுஸையும் கொண்டு போனேன். முடிக்காத பக்கத்தை முதலில் காட்டி, உள்ளே தையல் எங்கெங்கே ஓடுகிறது என்று விரலால் தொட்டுச் சொன்னேன். ஆறு வாக்கியம்கூடப் பேசியிருக்க மாட்டேன், கேள்விகள் இருபது நிமிடம் வந்தன. லாரிப் பெரியவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பின் கழுத்து வளைவைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். மரத்தில் இந்த வளைவைக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

வரும் செமஸ்டரில் இடிஆர் 240 எடுக்கிறேன், தொழிலுக்கு நிதி திரட்டுவது பற்றிய பாடம். பழைய மெஷின் கல்யாண கவுனின் கனத்தைத் தாங்க மாட்டேன் என்கிறது. தொழிற்சாலை மெஷின் ஒன்று வாங்க வேண்டும். கடன் வாங்குவதா, ஆறு மாதம் சேர்த்து வாங்குவதா என்று இரண்டு தாளில் இரண்டு கணக்கு போட்டு வைத்திருக்கிறேன். முடிவானதும் எழுதுகிறேன். நாளை செவ்வாய், எட்டு பிளவுஸ் வெட்ட வேண்டும்.